கல்லடிப் பழைய பாலமும் ஏ-4 வீதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள கல்லடியில், பாலத்தடியிலிருந்து கூப்பிடு தூரம். கனடாவிலிருந்து வரும் மாமாவின் பிள்ளைகள், கொழும்பிலிருந்து லீவுக்கு வரும் கூட்டாளிகள், பாடசாலை ஒப்படையோடு வந்து நிற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லோரும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள். ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணியோடு திருப்பித் திருப்பிச் சொல்லிக் களைத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தப் பாலத்தைச் சொல்கிறீர்கள்? கல்லடியில் இரண்டு பாலம் அல்லவா நிற்கிறது?

ஆமாம், இரண்டு. வாகனம் எல்லாம் போகிற அகலமான கொங்கிறீட் பாலம் புதியது. அதன் பக்கத்தில் இரும்புச் சட்டங்களோடு ஒடுக்கமாக நிற்பதுதான் பழையது. 1924இல் திறந்தார்கள். அன்றிலிருந்து 2013 மார்ச் வரை, கிட்டத்தட்ட 89 வருடம், நெடுஞ்சாலை அதன் முதுகில்தான் போனது. இப்போது அதற்கு வீதி வேலை இல்லை. ஆள் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, பென்ஷன் எடுத்தவர் பழைய கந்தோர் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பது போல.

‘லேடி மன்னிங் பாலம்’ என்று படித்தேன். அது வேறு பாலமா?

இல்லை, இதேதான். சேர் வில்லியம் மன்னிங் 1918 முதல் 1925 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். அவருடைய மனைவியின் பெயரைப் பாலத்துக்கு வைத்தார்கள். கடதாசியில் இருக்கும் பெயர் அது. ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கல்லடிப் பாலம் என்றால்தான் ஓட்டோக்காரருக்கே விளங்கும்.

ஏ-4 என்பது என்ன? பாலத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இலங்கையில் வீதிகளைத் தரம் பிரித்து எழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘ஏ’ என்றால் நாட்டின் முதன்மை வீதிகள். ‘பி’ அதற்கு அடுத்தது. இவை இரண்டையும் வீதி அபிவிருத்தி அதிகார சபை பார்க்கிறது. ‘சி’, ‘டி’ மாகாண சபைப் பக்கம். அதற்கும் கீழே ஊர்ச் சபைகளின் வீதிகள்.

ஏ-4 கொழும்பில் தொடங்குகிறது. அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை என்று மலைக்குள் ஏறி, பெரகலையில் திரும்பி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக இறங்கி, பொத்துவிலில் கடலைக் கண்டு, பிறகு கடலோரமாகவே அக்கரைப்பற்று, கல்முனை என்று வடக்கே ஏறி மட்டக்களப்பில் முடிகிறது. ஏறக்குறைய 430 கிலோமீட்டர். நாட்டின் ‘ஏ’ தர வீதிகளில் இதைவிட நீளமானது இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இந்த வீதியால் போவதில்லை. திருகோணமலை வீதியால் வடக்கே போய், திருக்கொண்டியாமடுவில் ஏ-11க்குத் திரும்பி, பொலன்னறுவை, ஹபரணை வழியாகத்தான் பஸ் போகும். அது எவ்வளவோ கிட்ட. ஆகவே எங்களுக்கு ஏ-4 கொழும்பு வீதி அல்ல, கல்முனை வீதி. காத்தான்குடியில் நடுவீதியில் நிற்கும் பேரீச்ச மரங்கள், ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு, கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை, விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு எல்லாம் அதில் கோத்த ஊர்கள். அந்த ஊர்கள் அத்தனையும் நகரத்துக்கு வந்து சேர்வதற்கு இருந்த நேர்வழி இந்த ஒடுக்கமான இரும்புப் பாலம் ஒன்றுதான்.

பாலம் வருவதற்கு முன்னர் எப்படிக் கடந்தார்கள்?

தோணியில். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கிறது. ஊரில் அதை ஆறு என்றும் சொல்வோம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம், சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம், படுவான்கரை. நகரத்தின் பழைய நடுப்பகுதியான புளியந்தீவு பெயரிலேயே தீவு. இப்படி ஒரு ஊரில் எங்கே போவதென்றாலும் முதலில் தண்ணீரைக் கேட்டுத்தான் போக வேண்டும். எங்கள் ஊர்ப் பெயர்களில் இத்தனை துறையும் முனையும் தீவும் வருவது சும்மா இல்லை.

சரி, நன்றாக நின்ற பாலத்துக்கு ஏன் ஓய்வு கொடுத்தார்கள்?

அது நன்றாக நின்றது. நன்றாக வேலை செய்யவில்லை.

1924இல் கட்டியவர்கள் மாட்டு வண்டியையும் எப்போதாவது வரும் மோட்டார்க் காரையும் மனதில் வைத்துக் கட்டினார்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். கல்லடிப் பக்கம் விட்டால் நகரப் பக்கம் நிற்க வேண்டும், பிறகு மாறி. பக்கத்தில் நடக்கிறவர் இரும்பை ஒட்டி ஒதுங்க வேண்டும். சைக்கிளில் போகிறவர் பின்னால் பஸ்ஸின் மூச்சை முதுகில் வாங்கிக்கொண்டு மிதிக்க வேண்டும்.

நான் ஏ.எல். படித்த காலத்தில் ஒரு நாள் காலை, நான் இருந்த பஸ் நடுப்பாலத்துக்குப் போன நேரம் எதிரே ஒரு லொறி. அன்று இரண்டு அந்தத்திலும் மறிக்க ஆள் இல்லை. எங்கள் சாரதி கையை வெளியே போட்டுக் கத்தினார்.

“காக்கா, பின்னுக்கு எடுங்க, இது எங்கட முறை!”

“உங்கட முறை எண்டு ஆரு தம்பி சொன்ன? எனக்குப் பின்னால பன்னிரண்டு வாகனம் நிக்கிது. நான் எங்க எடுக்கிற?”

எங்களுக்குப் பின்னால் பதினைந்து நின்றிருக்கும். கொண்டக்டர் இறங்கி, பஸ்ஸுக்கும் இரும்புக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடைவெளியில் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து போய்ப் பேச்சுவார்த்தை நடத்தினார். கீழே தோணியில் வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்த ஒரு மனிதர் நிமிர்ந்து பார்த்து, “மறுகா ரெண்டு பேரும் ஆத்துல இறங்குங்க, நான் ஏத்திக்கிட்டுப் போறன்” என்றார். பஸ்ஸே சிரித்தது. சாரதி மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் லொறிக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னுக்கு எடுத்து வழி விடும்போது நாற்பது நிமிடம் போயிருந்தது. எனக்கு அன்று டியூஷன் பரீட்சை. போய்ச் சேரும்போது விடைத்தாளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் போனது ஒரு பரீட்சைதான். ஆனால் போதனா வைத்தியசாலை நகரப் பக்கத்தில். காத்தான்குடியிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் பிரசவ வலியோடு வருகிற பெண்ணும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். பழைய பாலத்தைப் பற்றி இப்போது உருகி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அந்த வரிசையில் நின்று அதைத் திட்டியவர்கள். நானும்தான்.

பழைய பாலத்தில் வாகனம் போனால் ஒரு தாளம் கேட்கும் என்கிறார்களே?

‘டக்-டக்… டக்-டக்’. என் அம்மா அடுப்படியில் இருந்தே, “கல்முனை பஸ் ஏறிட்டு, வெளிக்கிடு” என்பார்.

காரணம் சாதாரணம். பாலம் முழு நீளத்துக்கும் ஒரே துண்டு இல்லை. தண்ணீரில் நிற்கும் தூண்களுக்கு மேலே இரும்புச் சட்டகங்களைத் துண்டு துண்டாக வைத்திருக்கிறார்கள். இரும்பு வெயிலில் நீளும். 100 மீட்டர் இரும்பு 20 பாகை கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 2.4 சென்டிமீட்டர் நீளும். எங்கள் சித்திரை வெயிலுக்கு அது பெரிய விஷயம் இல்லை. நீள்வதற்கு இடம் விடாவிட்டால் இரும்பு வளையும், அல்லது தூணைத் தள்ளும். அதற்காக மூட்டுகளில் இடைவெளி விடுவார்கள். அந்த மூட்டில் முன் சில்லு ஏற ஒரு ‘டக்’, பின் சில்லு ஏற இன்னொன்று.

சட்டங்கள் முக்கோண முக்கோணமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நான்கு கம்பைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையைத் தள்ளுங்கள், சாய்ந்துவிடும். மூன்றை முக்கோணமாகக் கட்டினால் அசையாது. பஸ்ஸின் பாரம் அந்த முக்கோணங்களுக்குள் இழுப்பும் நசுக்கலுமாகப் பிரிந்து தூணுக்குப் போகிறது. இரும்புக்கு உண்மையான எதிரி பாரம் இல்லை, உப்பு. ஒரு பக்கம் கடல், கீழே உவர்நீர். பூச்சு உரிந்த இடத்தில் துரு ஏறுவதை விரலால் தொட்டே பார்க்கலாம். பிட்டு மாதிரி உதிரும்.

போர்க்காலத்தில் பாலம் எப்படி இருந்தது?

சோதனைச் சாவடிகள் இருந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கு, அடையாள அட்டையைக் கையில் பிடி, வரிசையில் நட, அந்தப் பக்கம் போய் ஏறு. ஒடுக்கமான பாலம் என்பதால் ஏற்கெனவே காத்திருக்கப் பழகியிருந்தோம். அந்தக் காலத்தில் காத்திருப்பதன் அர்த்தம் மாறிப்போனது, அவ்வளவுதான். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு ஆட்களைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

சுனாமிக்கு அது தப்பியது எப்படி?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை. நாவலடி, டச்பார், கல்லடித் திருச்செந்தூர்ப் பக்கம் கடல் வந்து போனபின் மிஞ்சியது கொஞ்சம். திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்தது. பாலம் கடலுக்கு நேரே நிற்கவில்லை, வாவிக்கு மேலே நிற்கிறது, அதுவும் உயரத்தில். அது நின்றதால்தான் எழுவான்கரையிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு நகரப் பக்கம் போக ஒரு வழி இருந்தது. எந்தப் பக்கத்து முறை என்று அன்று யாரும் கேட்கவில்லை.

மீன் பாடுவது உண்மையா? அல்லது பாலம்தான் பாடுகிறதா?

பாலம் பாடுகிறது என்று சொல்கிறவர்களுக்கு ஒரே பதில்: பாலம் 1924இல் வந்தது. எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, வாவியில் தோணியில் போய், தண்ணீருக்குள் இருந்து வரும் இந்தச் சத்தத்தைத் தானே கேட்டு எழுதி வைத்திருக்கிறார். அப்போது பாலத்தின் இரும்பு பூமிக்குள் கல்லாகக் கிடந்திருக்கும்.

அப்படியானால் பாடுவது மீனா? ஊரி என்ற சிப்பியா? ஊரில் இரண்டு கட்சி உண்டு. டெனன்ட்டிடமும் மீனவர்கள் ஊரியைத்தான் காட்டியிருக்கிறார்கள். ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று ஊருக்கே பெயர் வைத்துவிட்டதால் ஊரிக் கட்சிக்கு வாக்குக் குறைவு.

கேட்க வேண்டுமென்றால் சித்திரை முதல் ஆவணி வரையான மாதங்களில், பறுவம் (பௌர்ணமி) இரவில், தோணியில் போக வேண்டும். எஞ்சினை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியைக் காதோடு வைக்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு தடவை கேட்டது. பாட்டு என்று சொல்ல மாட்டேன். யாரோ தூரத்தில் வீணைக்குச் சுருதி கூட்டி, சரிவராமல் திரும்பவும் கூட்டுவது மாதிரி. பாலத்துக்கு மேலே நின்றால் கேட்காது. பாலத்தில் நின்று கேட்டேன் என்று சொல்கிறவரிடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்காதீர்கள்.

புதிய பாலம் எப்போது வந்தது?

2013 மார்ச்சில் திறந்தார்கள். ஜப்பானின் உதவியோடு கட்டியது. நீளம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரு பக்கமும் ஒரே நேரத்தில் வாகனம் போகலாம், நடைபாதையும் உண்டு. முதல் வாரத்தில் ஆட்கள் வேலை இல்லாமலே அதில் போய்த் திரும்பினார்கள். பழைய பாலத்தில் பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம் எடுத்த தூரம் அரை நிமிடத்தில் முடிந்தபோது என் அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. “வந்திட்டமா?” என்று கேட்டார்.

ஏ-4 என்ற இலக்கமும் அன்றோடு பக்கத்துப் பாலத்துக்கு மாறிவிட்டது.

பழையதில் இப்போது காரில் போகலாமா?

இல்லை. நடக்கலாம், சைக்கிளில் போகலாம்.

‘மண்முனைப் பாதை மூடப்பட்டது’ என்று ஒரு பழைய கட்டுரையில் படித்தேன். வீதியை மூடிவிட்டார்களா?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதை வைத்து என்னோடு ஒரு மணி நேரம் வாதாடினார். எங்கள் பக்கம் ‘பாதை’ என்றால் வீதி மட்டும் அல்ல. வாவியில் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் தட்டையான மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். “பாதை அந்தக் கரையில நிக்கிது” என்று எங்கள் ஊரில் தாராளமாகச் சொல்லலாம்.

மண்முனையில் அப்படி ஒரு பாதை இருந்தது. எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக அதுதான் குறுக்குவழி. தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்குப் போகும் சனம், படுவான்கரையிலிருந்து வரும் நெல், தயிர்ச் சட்டி எல்லாம் அதில் ஏறும். அதை விட்டால் வடக்கே வலையிறவுப் பாலத்தாலோ தெற்கே பட்டிருப்புப் பாலத்தாலோ சுற்றி வர வேண்டும். போர்க்காலத்தில் அந்தத் தண்ணீர் இரண்டு கட்டுப்பாட்டுக்கு நடுவே எல்லையாகக் கிடந்தது. 2007 வரை படுவான்கரை புலிகளின் பக்கம். ஆகவே பாதையில் ஏறுவது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவது போல இருக்கும். 2014இல் ஜப்பானின் நிதியில் 210 மீட்டர் நீளத்தில் பாலம் திறந்தபின் பாதைக்கு வேலை இல்லாமல் போனது.

எல்லாப் பாதையும் போய்விடவில்லை. மண்டூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் குருமண்வெளித் துறையில் நின்று பாருங்கள். அர்ச்சனைத் தட்டோடு பாதையில் நெருக்கியடித்து நின்று போவதும் திருவிழாவில் ஒரு பங்கு.

ஓட்டமாவடியிலும் இப்படி ஒரு பழைய பாலம் இருக்கிறதாமே?

இருக்கிறது. அதன் கதை வேறு. மட்டக்களப்புக்கு ரயில் 1928இல் வந்தது. ஓட்டமாவடியில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தில் போயின. தண்டவாளத்துக்கு மேலேயே பஸ் ஏறிப் போகும். ரயில் வருகிற நேரம் இரு பக்கமும் மறித்துவிடுவார்கள். பொலன்னறுவைப் பக்கம் மன்னம்பிட்டியிலும் மகாவலிக்கு மேலே அப்படித்தான்; அங்கே 2007இல் வீதிக்குத் தனிப் பாலம் வந்தது. ஓட்டமாவடியிலும் பிறகு வீதிப் பாலம் தனியாக வந்துவிட்டது. கல்லடிப் பாலம் போல அங்குள்ள பழைய பாலம் சும்மா நிற்கவில்லை, ரயில் இன்னும் போகிறது. பாதி ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாறை மாவட்டத்துப் பக்கம்?

அறுகம்பையைச் சொல்லலாம். பொத்துவிலிலிருந்து பாணமைக்குப் போகும் வீதியில் இருந்த பாலத்தைச் சுனாமி சேதப்படுத்தியது. அமெரிக்க உதவியோடு கட்டிய புதிய பாலம் 2008இல் திறந்தது. அது ஏ-4 அல்ல. ஏ-4 பொத்துவிலில் மேற்கே திரும்பி மொனராகலைக்குப் போய்விடுகிறது. அந்த மாவட்டத்தில் சுனாமிக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள், நாட்டிலேயே அதிகம். அந்த ஆட்களிடம் பாலத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது.

பழைய பாலத்தை உடைத்துவிட வேண்டியதுதானே? வைத்திருப்பதற்கும் செலவுதானே?

செலவுதான். துருவைச் சுரண்டிப் பூச்சு அடிக்காமல் ‘பாரம்பரியம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு நாள் அது தானாகவே வாவிக்குள் இறங்கும். வைத்திருப்பதென்றால் பராமரிக்க வேண்டும், முடியாதென்றால் வெளிப்படையாகச் சொல்லிக் கழற்ற வேண்டும். நான் வைத்திருக்கும் கட்சி. வீதியாக இருந்தபோது அதில் நிற்க யாருக்கும் விருப்பம் இல்லை. இப்போது பின்னேரமானால் ஊர் அங்கேதான் நிற்கிறது. ஆனால் பூச்சு வாளியைக் காணும்வரை என் கட்சிக்கும் பெரிய பலம் இல்லை.

எந்த நேரம் போய்ப் பார்ப்பது நல்லது?

விடியற்காலை, ஐந்தரை மணி. பின்னேரம் சனம் கூட, கச்சான் வண்டி, படம் பிடிக்கும் பிள்ளைகள். விடிய ஒருவரும் இருக்க மாட்டார்கள். கல்லடிப் பக்கமிருந்து ஏறி, நடுவுக்குப் போய் இடது கையை இரும்பில் வையுங்கள். இரவுக் குளிர் இன்னும் அதில் இருக்கும். கீழே தோணிக்காரர் இறாலுக்கு விட்ட வலையை இழுத்துக்கொண்டிருப்பார். “என்ன மகன், பட்டதா?” என்று கேட்டால் கொடுவாவோ மணலையோ ஒன்றைத் தூக்கிக் காட்டுவார், விலையும் சொல்வார். வாங்குவதென்றால் கரைக்கு இறங்கி வர வேண்டும். பக்கத்துப் பாலத்தில் அந்த நேரம் கல்முனைக்குப் போகும் முதல் பஸ்கள் ஓடத் தொடங்கியிருக்கும், ‘டக்-டக்’ சத்தம் இல்லாமல்.